‘சொல்லுங்க’ மருமகளும் ‘முடி’ பொத்தானும்

என் மருமகள் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மதியம் சாப்பிட உட்கார்ந்த நான் விளக்கு போடுகிற நேரம் வரை பேசினேன். பேசுவதற்கு விஷயம் உள்ளவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு கத்தரி என்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தொழில் ஆரம்பித்தவன். இன்று ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் சலூன் பலகை கண்ணில் படும். சாய்கிற நாற்காலி, சுழல்கிற நாற்காலி, தலை கழுவுகிற தொட்டி, ஏ.சி., எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. இதை ஒருவர் முழுதாகக் கேட்பதென்றால் அரை நாளாவது வேண்டாமா?

அவள் கேட்டாள். கொட்டாவி விடவில்லை. கைப்பேசியை எட்டிப் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம், "சொல்லுங்க," என்றாள். முதல் கண்ணாடி காற்றில் விழுந்து உடைந்த கதையைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு? சொல்லுங்க," என்றாள். கட்டிய நாளிலிருந்து என் மனைவி கேட்காத கேள்வி அது.

அவள் கிளம்பியதும் மகனைக் கூப்பிட்டேன். "டேய், இதுதான்டா பொண்ணு. பெரியவங்க பேச்சை எப்படிக் காது குடுத்துக் கேக்குது பாரு."

"அது அவ வேலைப்பா," என்றான்.

"குணம்னு சொல்லு."

"இல்லப்பா, நெஜமாவே வேலை. அதுக்குச் சம்பளம் வாங்குறா."

அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்குச் சம்பளமா? எத்தனை பேருடைய மாமியார் சண்டையை, பங்காளிச் சண்டையை, மூட்டு வலியை நான் கத்தரியோடு நின்று கேட்டிருக்கிறேன். கட்டிங்குக்கு மட்டும்தானே காசு வாங்கினேன். இந்தத் தொழில் அப்போதே தெரிந்திருந்தால் சலூன் வைத்த இடத்தில் எல்லாம் மாளிகை கட்டியிருப்பேன்.

கல்யாணம் நடந்தது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சொல்லுங்க’. முதலில் என் மனைவிதான் வைத்தாள், கொஞ்சம் கடுப்பில். சமைத்துப் போட்டுவிட்டு, "சாப்பாடு எப்படிம்மா இருக்கு?" என்று இவள் கேட்பாள். "நீங்க எப்படி வரும்னு நெனச்சு செஞ்சீங்க அத்தை? சொல்லுங்க," என்று அவள் திருப்பிக் கேட்பாள். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்தா உதுந்துடும்?" என்று என் மனைவி என்னிடம் வந்து பொருமுவாள்.

ஒருநாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாமியார் துவைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி வழக்கம்போல் மூடியைச் சாத்தி, முழங்காலால் ஓர் இடி கொடுத்து, பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"எதுக்கு அத்தை முழங்கால்?"

"இடிச்சாத்தான்டி ஓடும்."

"இடிக்காம ஓடாதுன்னு எப்பத் தெரிஞ்சுது? சொல்லுங்க."

என் மனைவி யோசித்தாள். மூடி சரியாக மூடியதா இல்லையா என்று அந்த இயந்திரம் எதையும் காட்டுவதில்லை. அதனால் ஒரு தடவை இடித்தாள், ஓடியது. அன்றிலிருந்து இடி. "உங்க மேல தப்பு இல்ல அத்தை. மூடிடுச்சுன்னு அதுதான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் மருமகள். அன்று முதல் என் மனைவி அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இந்த வீட்டில் எது உடைந்தாலும் "உங்க மேல தப்பு இல்ல" என்று என் மனைவியிடம் சொன்ன முதல் ஆள் மருமகள்தான்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மருமகளின் அப்பா லாரி மெக்கானிக். வசதி கிடையாது. படிக்கும்போதே அவள் ஒரு கைப்பேசிக் கடையில் புகார் மேசையில் வேலை பார்த்தாள். போன் கெட்டுப்போய்விட்டது என்று வரிசையில் வருவார்கள். பாதிப் போனில் ஒரு கோளாறும் இருக்காது. சத்தத்தை அடைக்கிற பொத்தான் பக்கவாட்டில் இருக்கும், கை தானாக அதில் படும், மணி அடிக்காது, அவ்வளவுதான். ‘நீங்கதான் தப்பா அழுத்திட்டீங்க’ என்று சொல்லி அனுப்பவேண்டும் என்பது கடை உத்தரவு. இவளுக்கு அது வாயில் வரவில்லை. "வர்றவங்க எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணா, அது அவங்க தப்பு இல்ல சார், பொத்தான் தப்பு," என்று முதலாளியிடம் சொன்னாள். முதலாளி அவளை வேலையை விட்டுத் தூக்கினார். இப்படித் தூக்கப்படுவதற்கே ஒரு படிப்பு இருக்கிறது என்று யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்து படித்தாள். மனிதர்களும் இயந்திரமும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்பது படிப்பு. அந்த முட்டலைப் போய்ப் பார்த்து வந்து சொல்வது வேலை. பயனர் ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர்.

நான் ஊரெல்லாம் ‘என் மருமகள் ஆராய்ச்சியாளர்’ என்று சொல்லி வைத்தேன். சொன்ன வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவளும் அவரை உட்கார வைத்து, "இதைப் பாத்ததும் உங்களுக்கு எது புரியல? சொல்லுங்க," என்றாள். அவர் சர்க்கரை குறையவில்லை. மனபாரம் குறைந்து போனார்.

இப்படிப்பட்டவளின் வேலைக்கு ஆபத்து வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் சலூன்களுக்கு ஓர் ஆப் செய்யச் சொல்லி அவள் கம்பெனிக்கே வேலையைக் கொடுத்தேன். வீட்டிலிருந்தே போனில் நேரம் பதிந்துகொண்டு வரலாம், வாசலில் காத்திருக்க வேண்டாம். நல்ல யோசனை, என்னுடையது. கம்பெனி சின்னது, ஒரு மாடி. நான் நேரில் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டியிருந்தார்கள். நாற்காலிகள் மோசம், முதுகுக்கு அணைப்பே இல்லை. அதைச் சொன்னேன். மருமகள் குறித்துக்கொண்டாள்.

அங்கே வேலையைப் பங்கு போட்டிருக்கும் விதம் எனக்குப் புதிது. என் கடையில் ஒரே ஆள் ‘எப்படி வெட்டணும்’ என்று கேட்பான், அவனே வெட்டுவான், அவனே பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவான். இங்கே கேட்பதற்கு ஒருத்தி, அது என் மருமகள். எந்த இடத்தில் எந்த நிறம், எந்தப் பொத்தான் என்று வரைவதற்கு இன்னொரு பெண். எதைக் காட்டினாலும் "ஒரு நூல் இந்தப் பக்கம் தள்ளணும்" என்பாள். அதனால் அவள் பெயர் ‘நூல்’. திரையில் வரும் சொற்களை மட்டும் எழுதுவதற்கு ஒரு தம்பி. வரவேற்கிறோம், மன்னிக்கவும், அடுத்து, பின்னால், இவ்வளவுதான் அவன் இலக்கியம். நீளமாக எதைக் கண்டாலும் கத்தரிப்பான். ‘சுருக்கு’ என்று பெயர். கத்தரி பிடிப்பதால் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு மேலாளர். எண்களைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். "குட்மார்னிங்" சொன்னால்கூட எத்தனை பேருக்கு என்று கேட்பார் போலிருந்தது.

ஆப்பை வெளியே விடுவதற்கு முன்னால், சலூனுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று மருமகள் கேட்டாள். மேலாளர் மறுத்துவிட்டார். "போன தடவை பஸ் டிக்கெட்டுக்குச் செஞ்ச ஆப் நல்லா ஓடுது. அதே அச்சுதான். அதுல சீட்டு, இதுல நாற்காலி. இதுக்கு என்ன ஆராய்ச்சி?" பிறகு எல்லார் முன்னாலும் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "வெளியே விட்டதும் நம்பர் தானா வந்து எல்லாத்தையும் சொல்லிடும். கேக்கறதுக்குன்னு தனியா ஓர் ஆள் தேவையான்னு இந்த ஆப்பை வச்சு முடிவு பண்ணிடலாம். தேவையில்லைன்னா மாசக் கடைசியோட அந்த வேலையை எடுத்துடுவோம்."

வீட்டுக்கு வந்து அவள் இதை அழாமல் சொன்னாள். என் மனைவிதான் அழுதாள்.

ஆப் வெளியானது. திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கட்டிங், ஷேவிங், சாயம் என்று வரிசையாகச் சின்ன எழுத்து. அதற்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தான். அதில் இரண்டே எழுத்து: முடி.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் தொழிலையே பொத்தானாக்கி, பச்சை அடித்து, நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சலூன்காரர் சங்கத்துக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போனை நீட்டிக் காட்டினேன். "பாத்துக்கோ. யாரு கடை ஆப்ல முடின்னு போட்டிருக்கான்?" என்றேன்.

முதல் வாரத்திலேயே கடையில் கூச்சல். பதிந்துவிட்டேன் என்று வருகிறவர்களுக்கு இங்கே பதிவு இல்லை. பதிவு இருப்பவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை, எல்லாம் வெறும் பெயர்தான். ஷேவிங் நாற்காலிகள் காற்று வாங்கின. மேலாளர் எனக்கே போன் செய்தார்.

"சார், நம்பர் தெளிவா இருக்கு. ஷேவிங்கை எடுக்கறவங்க கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து ஓடிடறாங்க. ஜனங்களுக்கு ஷேவிங் புடிக்கல. எடுத்துடலாம்."

"ஏன் சார், மொகத்துல மொளைக்கறதை நிறுத்திட்டானுங்களா?" என்றேன்.

"நம்பர் பொய் சொல்லாது சார்."

"மூஞ்சியும் பொய் சொல்லாது. தடவிப் பாத்தாத் தெரியும்."

மறுநாள் காலை மருமகள் விடுப்புப் போட்டுவிட்டு என் பெரிய கடைக்கு வந்தாள். மூலையில் ஒரு நாற்காலி கேட்டாள், கொடுத்தேன். வருகிறவர்களிடம் போனைக் கொடுத்து, ‘வழக்கமா வர்ற வேலைக்கு நேரம் பதிஞ்சு காட்டுங்க’ என்பது, பிறகு பார்ப்பது. உதவி செய்யக்கூடாது. வழி காட்டக்கூடாது. அவர்கள் வாய்விட்டு யோசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதுதான் அவள் முறை.

என்னால் முடியுமா? என் கடை, என் ஆப், என் வாடிக்கையாளர். முதலில் வந்தவர் திரையைப் பார்த்து விழித்ததும், "அதை அழுத்துய்யா, பச்சையா இருக்கே," என்றேன். அவர் அழுத்தினார். "ஆச்சு பாத்தியா?" என்றேன்.

"மாமா," என்றாள்.

"என்னம்மா?"

"இப்ப அவரு பதியல. நீங்க பதிஞ்சீங்க."

அடுத்தவருக்கு நான் வாய் திறக்கவில்லை. கண்ணால் பச்சையைக் காட்டினேன். அதற்கு அடுத்தவருக்கு இருமினேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவரில் என் கடைகளில் எல்லாம் தொங்கும் பலகை இருக்கிறது. நானே கட்டிய வரி, புலவர் எவரும் உதவவில்லை:

முகத்தில் நுரை, வாய்க்கு விடுமுறை.

ஷேவிங் நடக்கும்போது பேசி, உதட்டில் கத்தி பட்டால் யார் பொறுப்பு? அதனால் நுரை பூசினால் பேசக்கூடாது என்பது என் கடைச் சட்டம். முதலாளிக்கும் அதுதான் சட்டம்.

"மாமா, உங்களுக்கு ரெண்டு நாள் தாடி இருக்கே. வாங்க, உக்காருங்க," என்றாள்.

எனக்கு நுரை பூசப்பட்டது. தாராளமாகவே பூசினார்கள், காது வரைக்கும். மருமகள் கண் ஜாடை காட்டியதால் கத்தியை மட்டும் எடுக்கவில்லை. நான் கண்ணாடிக்குள் பார்த்தபடி ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பூட்டு ரிப்பேர்காரர் வந்தார்.

அவர் என் பழைய வாடிக்கையாளர். தலையில் ஒரு ரோமம் கிடையாது, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி மினுங்கும். அதற்கு வட்டியும் முதலுமாகத் தாடி. மாதம் இரண்டு தடவை தாடி ஒதுக்க வருவார். மருமகள் போனைக் கொடுத்தாள். அவர் விரலால் நிதானமாகத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஷேவிங்கைத் தேர்ந்தெடுத்தார். நின்றார்.

"இப்ப என்ன பாக்கறீங்க? சொல்லுங்க."

"முடின்னு போட்டிருக்கு."

"ம்."

"எனக்குத்தான் அது இல்லையேம்மா."

நுரைக்குள் என் வாய் திறந்தது, உள்ளே போனது பாதி சோப்பு.

"அப்ப என்ன செய்வீங்க?" என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ரயில் அறிவிப்பு மாதிரி இருந்தது.

"என்ன செய்ய? தாடின்னு ஒண்ணு வருமான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். போன வாரம் அப்படித்தான் உக்காந்திருந்தேன். கரண்ட்டு போச்சு, நானும் தூங்கிட்டேன்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "யாரோ என்னைக் கேலி பண்றதுக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சும்மா. உன் மாமனார்தான் வச்சிருப்பாருன்னு நெனச்சேன்," என்றார்.

நான் கையை ஆட்டி மறுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

அவருக்குப் பின் வந்த கணக்கு வாத்தியாருக்குத் தலை வெட்டவேண்டும். அவர் வேறெதையும் பார்க்கவில்லை. பக்கம் திறந்ததும் ‘முடி’யைக் கண்டார், அழுத்தினார், போனைத் திருப்பிக் கொடுத்தார். கட்டிங் என்று மேலே ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. ‘முடி வெட்டணும், முடியை அழுத்தினேன்,’ கணக்கு சரிதானே.

எல்லாம் விளங்கிவிட்டது. ‘முடி’ என்று சுருக்கு எழுதியது, பதிவை முடித்துவிடு என்கிற அர்த்தத்தில். பஸ் டிக்கெட் ஆப்பில் அது ஒழுங்காக வேலை செய்தது, பஸ்ஸுக்குத் தலை கிடையாது. அப்படியே தூக்கிச் சலூனில் வைத்துவிட்டார்கள். அந்த மாடியில் இருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நீகூடப் பாக்கலையாம்மா?" என்றேன்.

"பாத்தேன் மாமா. முடின்னா முடின்னுதான் நானும் படிச்சேன்," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அந்த வாக்கியம் காதில் விழுந்தது. அன்று முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். உடனே சிரிப்பு நின்றது. "இதை நான் போய்ச் சொன்னா மேலாளர் நம்பமாட்டார் மாமா. ரெண்டு பேர் சொன்னது எனக்கு ஒரு நம்பரா அப்படீம்பார். சுருக்கு சண்டைக்கு வருவான். ரெண்டெழுத்துல எழுதினேன்னு போன மாசம்தான் அவனுக்குக் கை தட்டினாங்க. நான் பேசப் பேச அவங்க பேசுவாங்க." என் முகத்தில் காதோரம் மிச்சமிருந்த நுரையையே பார்த்தாள். "மாமா, ஒரு உதவி."

அடுத்த வாரக் கடைசியில் அவள் கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் என் கடையில் இலவச ராஜ உபசாரம் என்று அழைப்புப் போனது. இலவசம் என்றால் எண்களை மட்டும் நம்புகிற ஆளும் வருவார், பூஜ்யமும் எண்தானே. மேலாளர் நடு நாற்காலி, சுருக்கு இடது பக்கம். நூலுக்கு முகத்தில் பூசும் களிம்பு. அது காயும்போது பேசினால் வெடித்துவிடும் என்று என் பெண் ஊழியர் கண்டிப்பாகச் சொன்னாள். கொழ கொழவென்று நுரை எல்லார் முகத்திலும் ஏறியது. நான் எழுந்து பலகையைக் காட்டினேன். "பெரிய அதிகாரிங்களுக்கும் இதே சட்டம்தான் சார். கத்தி பட்டா நான் பொறுப்பில்ல."

மேலாளர் கட்டைவிரலைத் தூக்கிச் சம்மதம் சொன்னார்.

மருமகள் மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசையாக நிற்கும் கண்ணாடிகளில் அவளும் அவள் எதிரில் உட்கார்கிறவரும் முழுதாகத் தெரிவார்கள். முதலில் ஒரு டாக்ஸி டிரைவர், மீசை ஒதுக்க வந்தவர்.

"ஷேவிங் போட்டாச்சு," என்றார். "இனி... முடி. இல்லம்மா, முடி வேணாம், மீசை மட்டும்தான். இதை எப்படி வேணாம்னு சொல்றது?"

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சொல்லுங்க."

"பின்னாடி போயிடுவேன்." போனார். ஆரம்பத்திலிருந்து மறுபடி வந்தார். மறுபடி ‘முடி’. "திரும்பத் திரும்ப முடி வெட்டவே கூப்பிடறானே இந்த ஆளு. காசு புடுங்கற ஐடியா போல."

மேலாளரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நுரைக்குள்ளிருந்து "அஃப்... அஃப்" என்று ஒரு சத்தம் வந்தது. அவருக்கு நுரை பூசியவன் கத்தியைத் தூக்கிக் காட்டினான். சத்தம் அடங்கியது.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண், தம்பிக்குப் பதிவு செய்ய வந்தவள். திறந்தவுடன் ‘முடி’யை அழுத்தினாள். "ஆச்சு. தம்பிக்கு முடி." எந்தச் சேவையும் தேர்வாகவில்லை. சுருக்கு கண்ணாடியில் இதைப் பார்த்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். பக்கத்து ஊழியர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் கண்கள் மட்டும் நுரைக்கு மேலே இங்கும் அங்கும் ஓடின, குட்டையில் விழுந்த தவளை மாதிரி.

கடைசியாக, சொல்லி வைக்காமலே, பூட்டு ரிப்பேர்காரர் தானாக உள்ளே வந்தார். தாடி ஒதுக்கத்தான். மருமகள் அவரை உட்கார வைத்தாள். அவர் போனை வாங்கக்கூட இல்லை.

"இன்னும் அந்த முடி இருக்காம்மா அதுல?"

"இருக்கு. அதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணும்? சொல்லுங்க."

"என்னத்தைத் தோணும். இது நமக்கு இல்லைன்னு தோணும். எடுத்து வச்சிடுவேன். இனிமே எதிர்த் தெரு கடைதான்னு இருந்தேன். இன்னிக்கு அங்க கூட்டம்."

மேலாளர் கண்ணாடியில் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மறந்துவிட்டேன், மேலாளருக்கும் முன்பக்கம் அவ்வளவாகக் கிடையாது.

களிம்பு வெடித்தது முதலில். நூல் சிரித்துவிட்டாள். முகம் முழுக்க வயல் வெடிப்பு மாதிரி கோடு கோடாக விழுந்தது. அதைப் பார்த்துச் சுருக்கும் சிரித்து, நுரையை விழுங்கி, இருமி, ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் முடிச்சிடுன்னு போட்டிருக்கணும்," என்றான்.

"போட்டிருந்தா முடிச்சுப் போடற கடைன்னு நெனச்சு வந்திருப்பாங்க தம்பி," என்றேன்.

"பதிவு செய்," என்றாள் மருமகள். அவள் தானாக ஒரு கருத்துச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது நீளம்," என்றான் சுருக்கு, பழக்கதோஷத்தில்.

"பொத்தானை ஒரு நூல் அகலமாக்கறேன்," என்றாள் வெடித்த முகத்தோடு நூல்.

மேலாளர் வழித்து, கழுவி, துடைத்து, கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் கை குலுக்கிப் போனார். மருமகளிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மாசக் கடைசி வந்தது. காலை நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது அவள் போன் மினுங்கியது. மேலாளரிடமிருந்து செய்தி. அவள் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். நான் எட்டிப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் இது சின்னது: ‘உங்க வேலை முடிஞ்சுது.’

"பாவி," என்றாள் என் மனைவி. "ஒரு வரியில முடிச்சிட்டானே. ஓசியில ஷேவிங் பண்ணிக்கிட்டுப் போனானே."

"அந்தக் கம்பெனியே வேணாம். என் கடைக்கு வாம்மா. உனக்கு நானே சம்பளம் தர்றேன்," என்றேன். "ஒவ்வொரு கடையிலயும் உக்காந்து கேளு. போதும்."

"அந்த மேலாளருக்குப் போன் போடுங்க, நான் பேசறேன்," என்றாள் மனைவி. வாயைத் திறந்தால் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால் போடவில்லை.

மருமகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, தானே கூப்பிட்டாள்.

"சார், ‘உங்க வேலை முடிஞ்சுது’ன்னு அனுப்பியிருக்கீங்க. அதுல என்ன சொல்ல வந்தீங்க? சொல்லுங்க."

"ஏன், தெளிவாத்தானே இருக்கு? மேல பேசிட்டேன். உங்க வேலையை நிரந்தரமாக்கற விஷயம் முடிஞ்சுது. இனிமே எதுவும் உங்ககிட்ட காட்டாம வெளிய போகாது. நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"நான் எப்படியும் படிக்கல சார். அதனாலதான் கேக்கறேன்."

"புரியுது," என்றார் மேலாளர். "அடுத்த மாசம் எல்லாரும் மறுபடி சலூனுக்கு வரலாமா? இந்தத் தடவை காசு குடுத்துடறோம்."

அவள் போனை வைத்தாள். அத்தையின் தட்டை இழுத்து, ஆறிப்போன சாப்பாட்டை ஒரு வாய் எடுத்துப் போட்டு, "நல்லா இருக்கு அத்தை," என்றாள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு காலம் காத்திருந்தவள் அவள்.

இப்போது எங்கள் பெரிய கடையின் மூலையில் ஒரு நாற்காலி அவளுக்கென்றே இருக்கிறது. முதுகுக்கு நல்ல அணைப்பு உள்ளது, நானே தேர்ந்தெடுத்தது. கம்பெனி ஆட்கள் மாதா மாதம் வந்து நுரை பூசிக்கொண்டு உட்கார்கிறார்கள். ஊரில் வேறு எந்தச் சலூனில் இது நடக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

போன வாரம் பூட்டு ரிப்பேர்காரர் வந்தார். புதுப் பொத்தானை அழுத்தி, சரியாகப் பதிந்து, சரியான நேரத்துக்கு வந்திருந்தார். தாடி ஒதுக்கி முடித்ததும் மருமகளிடம் போய் நின்றார்.

"இப்ப நல்லா இருக்கும்மா. ‘பதிவு செய்’னு போட்டிருக்கு, அழுத்தினேன், பதிஞ்சிருச்சு. ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"அந்தப் பழைய பொத்தான் இருந்தப்பவே ஒரு தடவை அழுத்திப் பாத்திருக்கலாமோன்னு இப்ப இருக்கு." வழுக்கையை ஒரு தரம் தடவிக்கொண்டார். "யாரு கண்டா, வளந்திருக்குமோ என்னவோ."

மருமகள் அதையும் குறித்துக்கொண்டாள்.